கரம் ஆடும் இரவுக்கு மீன் றோல்ஸ் வாங்கி வைக்கலாமா?

கேள்வி: சனிக்கிழமை இரவுகளில் நண்பர்கள் எட்டுப் பேர் எங்கள் வீட்டில் கூடிக் கரமும் 304 சீட்டும் விளையாடுவோம். மனைவியை அடுப்படியில் நிறுத்தி வைக்க எனக்கு விருப்பமில்லை. 'வீட்டுத் தயாரிப்பு' என்று சொல்லித் தொலைபேசியில் ஓடர் எடுக்கும் ஒருவரிடம் மாலை நான்கு மணிக்கே மீன் றோல்ஸ் வாங்கி வைத்து, ஒன்பது மணிக்குச் சூடாக்கிக் கொடுக்கலாமா? வேறு இலகுவான சிற்றுண்டி உண்டா? (வாசகர், கொக்குவில்)

பதில்: வாங்கி வைக்க வேண்டாம். சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது பொது விதி. யாழ்ப்பாணத்து வெக்கையில் அதையும் ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்வதே நல்லது. நீங்கள் கேட்பதோ ஐந்து மணி நேரம். சூடாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். சூரை போன்ற மீன்கள் பிடித்த பின் போதிய குளிரில் வைக்கப்படாவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். அது பொரித்தாலும் அழியாது, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும்போது அது றோல்ஸால் வந்தது என்று ஒருவருக்கும் தோன்றாது.

அந்த ஓடர்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாமே சமைத்து விற்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அடுப்பே மூட்டாமல் ஓடரை மட்டும் எடுத்து, ஏதோவொரு பேக்கரியில் காலையில் பொரித்து மிஞ்சியதை மலிவாக வாங்கிப் பெட்டி மாற்றி, இடையில் தன் பங்கை வைத்து விற்கும் தரகர்களும் பெருகிவிட்டார்கள். எத்தனை மணிக்குப் பொரித்தீர்கள், என்ன மீன், எந்த வீட்டில் என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். நேராகப் பதில் வராவிட்டால் ஓடரை விட்டுவிடுங்கள். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது, பொதியில் அடைத்த மிக்சருக்குத் திகதி அச்சிட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய றோல்ஸ் எப்போது பொரித்தது என்று எழுதி ஒட்டுவார் மட்டும் இல்லை. முறைப்பாட்டோடு போனால் மாதிரி எங்கே என்று கேட்பார்கள். மாதிரியைத்தானே ஐயா சாப்பிட்டுவிட்டு வந்து நிற்கிறோம்!

இனி உங்கள் சனிக்கிழமைக்கு வருவோம். அரைக் கிலோ கொண்டைக் கடலையை வெள்ளி இரவே ஊறப் போடுங்கள். இதற்கு மனைவி தேவையில்லை. அவித்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு நிறைக்கு வரும், எட்டுப் பேருக்குத் தாராளம். விளையாட்டுத் தொடங்குவதற்குச் சற்று முன்னர் கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம் தாளித்து, கடலையைக் கொட்டிப் பிரட்டி, இறக்கும்போது தேங்காய்ச் சொட்டும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்தால் வேலை முடிந்தது. கையால் அள்ளாமல் சிறு கோப்பைகளில் கரண்டியோடு கொடுங்கள். எண்ணெய்க் கை பட்டால் சீட்டு ஒட்டும், கரம் பலகையில் காய் ஓடாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: கரம் பலகையில் தூவும் வெள்ளை மா பெரும்பாலும் போரிக் அமிலத் தூள். அடித்து முடித்த விரல் நுனி வெள்ளையாக இருக்கும்போதே வடையை எடுத்து வாயில் வைப்பவர்களை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். கை கழுவாமல் ஒருவரையும் தட்டுப் பக்கம் விடாதீர்கள்.

பக்கத்தில் கொறிக்கப் பருத்தித்துறை வடை, முறுக்கு, புழுக்கொடியல் போதும். ஈரம் இல்லாதவை என்பதால் இரவு முழுதும் மேசையில் இருந்தாலும் கெடாது. கடையில் வாங்கும்போது பழைய எண்ணெய்ச் சிக்கு மணம் அடிக்கிறதா என்று ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.

ஒரேயொரு விடயத்தில் கவனம் வேண்டும். புரட்டாசிச் சனி விரதகாரர் ஒருவர் உங்கள் கூட்டத்தில் இருக்கலாம். அவருக்கென்று உழுந்து வடை சுடுவதானால் மீன் பொரித்த எண்ணெயைத் தொடாதீர்கள். வடித்துவிட்டேன், மணமே இல்லை என்று சொல்லிச் சமாளிப்பது முறையல்ல. தாச்சியும் வேறாக இருக்க வேண்டும், கண்ணகப்பையும் வேறாக இருக்க வேண்டும். கடலையிலும் வெங்காயம் சேர்க்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள், சேர்க்காதவர்கள் இருக்கிறார்கள். அவர் பங்கை முதலில் தாளித்து எடுத்து மூடிவைத்துவிட்டு, மற்றவர்களுக்குப் பிறகு தாளியுங்கள்.

மிஞ்சும் என்று நினைத்தால் அவித்த கடலையில் ஒரு பகுதியைத் தாளிக்காமல், தேங்காய் சேர்க்காமல் முன்னரே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் கறிக்கு உதவும். மேசையில் கிடந்த தேங்காய் சேர்ந்த கடலையை எடுத்து வைக்காமல் கொட்டிவிடுங்கள்.