சீட்டை உயர்த்துங்கள், சைக்கிளை அப்புறம் மாற்றலாம்

ஐம்பதைத் தாண்டிய பெண்களின் சைக்கிள் கேள்விகள்

கேள்வி: வயது 57. இருபது வருஷமாக ஒரே லேடீஸ் சைக்கிள். தினமும் காலையில் 10 கி.மீ. ஓட்டுகிறேன். இப்போது மிதிக்கவே கனக்கிறது. எடை குறைந்த சைக்கிள் வாங்கினால் வேகம் கூடுமா? (தஞ்சாவூர்)

சமதளத்தில் எடை பெரிய விஷயம் இல்லை. கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் சகிதம் உங்கள் சைக்கிள் 18, 19 கிலோ இருக்கும். அலுமினிய ஹைபிரிட் (ரோடு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவகை) 12, 13 கிலோ. நீங்கள் 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஆளும் வண்டியுமாகக் குறைவது நூற்றுக்கு எட்டுப் பங்குகூட இல்லை. மேம்பாலம் ஏறும்போதும், வாசற்படியில் தூக்கி வைக்கும்போதும் அந்த 6 கிலோ நன்றாகத் தெரியும். தஞ்சாவூர் மாதிரி ஊரில் சக்கரம் உருளத் தொடங்கிவிட்டால் தெரியாது.

முன்பு லேசாகப் போனது இப்போது கனக்கிறது என்றால் எங்கோ பிடிக்கிறது. பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கையால் முன்பக்கமாகச் சுற்றிவிடுங்கள். நல்ல சக்கரம் வெகுநேரம் சுற்றி, மெல்ல மெல்ல வேகம் குறைந்துதான் நிற்கும். சட்டென்று நின்றால் பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறது, இல்லையென்றால் ஆக்சில் கோனை (சக்கர அச்சில் பேரிங் குண்டுகளைப் பிடிக்கும் நட்டு) யாரோ இறுக்கிவிட்டிருக்கிறார்கள். அடுத்தது காற்று. வால்வின் மேல் போட்ட வால்ட்யூப் ரப்பர் காய்ந்து வெடித்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் காற்று இறங்கும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து நம்பாதீர்கள். மீட்டர் வைத்த பம்ப் ஒன்று வாங்கி, டயர் ஓரத்தில் அச்சிட்ட அளவைத் தாண்டாமல் வாரம் ஒருமுறை அடியுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் சீட்டைப் பாருங்கள். உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பதியும்படிதான் பல கடைகளில் சீட்டை இறக்கிக் கொடுக்கிறார்கள். பாதுகாப்பு என்று பெயர், பாடுபடுவது முழங்கால். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதி பெடலில் இருக்கும், முழங்கால் லேசாக மடங்கும். ஒரேயடியாக ஏற்றாமல் வாரத்துக்கு 1 செ.மீ. ஏற்றுங்கள். சீட் கம்பியில் உள்ள எல்லைக்கோடு வெளியே தெரியக்கூடாது.

உயர்த்திய சீட்டில் உட்கார்ந்துகொண்டே காலூன்ற முடியாது. நிற்கும் முன்பே சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் காலூன்றப் பழகுங்கள். கிளம்பும்போது ஒரு பெடலைக் கடிகார முள்ளின் இரண்டு மணி நிலையில் வைத்து அழுத்தினால், வண்டி நகரும்போதே உடம்பும் சீட்டுக்கு ஏறிவிடும். காலியான இடத்தில் ஒரு வாரம் பழகினால் கைவந்துவிடும். இத்தனையும் செய்து பார்த்த பிறகு புதிய சைக்கிளைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க், கெட்டி டயர் வைத்த வண்டிதான் நம் ரோட்டுக்குச் சரி என்கிறார் கடைக்காரர். (மதுரை)

வேண்டாம். விலை குறைந்த ஸ்பிரிங் ஃபோர்க் சாதா ஃபோர்க்கைவிட ஒரு கிலோவுக்கு மேல் கனம். எழுந்து மிதிக்கும்போது அமுங்கி உங்கள் பலத்தையும் தின்றுவிடும். பட்டன் வைத்த மலை டயர் தார்ச்சாலையில் 'உர்ர்' என்று சத்தம் போடும். அந்தச் சத்தமே வீணாகும் உழைப்புதான். ஸ்பிரிங் இல்லாத நேர் ஃபோர்க்கும் 700x35 அல்லது 38 வழவழப்பு டயரும் (35, 38 என்பது மி.மீ. கணக்கில் டயரின் அகலம்) கேளுங்கள். 60 கிலோ ஆளுக்கு 35 டயரில் பின்னால் 50, முன்னால் 45 பி.எஸ்.ஐ. (பம்ப் மீட்டர் காட்டும் காற்றழுத்த அளவு) போதும். குண்டுகுழியை அந்தக் காற்றே வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: ஆண்கள் சைக்கிள்தான் எடை குறைவு என்று மகன் சொல்கிறான். 60 வயதில் பார் வைத்த வண்டி சரிப்படுமா? (புதுக்கோட்டை)

மகன் சொல்வது உண்மைதான். மேல்கம்பி இல்லாத ஃப்ரேமை முறுக்காமல் நிறுத்தக் கீழ்க்குழாயைக் கனமாகப் போடவேண்டியிருக்கிறது. அதற்காக இடுப்பு எலும்பைப் பணயம் வைக்கவேண்டாம். பின்னால் கேரியரில் பை இருந்தால் காலைச் சுழற்றிப் போடுவது இன்னும் சிரமம். பார் சரிந்து இறங்கும் ஃப்ரேம் கிடைத்தால் இரண்டுக்கும் நடுவழி. வண்டியை உங்கள் பக்கம் நன்றாகச் சாய்த்துக்கொண்டு காலைப் போட்டால் பார் தாழ்ந்துவிடும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது லேடீஸ் சைக்கிள் போதாமல் உங்கள் மாவட்டத்துப் பெண்கள் பார் வைத்த வண்டியிலேயே ஓட்டப் பழகினார்கள். அந்தத் தலைமுறைக்கு இதெல்லாம் நான் சொல்லியா தெரியவேண்டும்!

கேள்வி: மூட்டுவலி உண்டு. 21 கியர் வாங்கவா, 8 போதுமா? (கோத்தகிரி)

கியர் எண்ணிக்கையை விடுங்கள், பல்லை எண்ணுங்கள். முன்னால் உள்ள மிகச் சின்னப் பல்சக்கரத்தைப் பின்னால் உள்ள மிகப் பெரியதால் வகுத்துப் பாருங்கள். முன்னால் 28, பின்னால் 34 என்றால் 0.82. கோத்தகிரி ஏற்றத்துக்கு 1-க்குக் கீழே இருந்தே ஆகவேண்டும். சமவெளிக்காரர்களுக்கு 1.1 போதும், அதாவது முன்னால் 38, பின்னால் 34. பழைய ஒற்றைக் கியர் வண்டியில் முன்னால் 44, பின்னால் 18 பல் இருந்தால் 2.4 வரும். முட்டி ஏன் கெஞ்சுகிறது என்பது அந்தக் கணக்கிலேயே தெரியும்.

கடினக் கியரில் மெதுவாக மிதிப்பதுதான் மூட்டுக்கு எதிரி. 15 விநாடியில் வலது முழங்கால் 16, 17 தடவை மேலே வரவேண்டும். குறைந்தால் கியரை லேசாக்குங்கள். விரல் மூட்டும் வலிக்குமென்றால் கைப்பிடியைத் திருகி மாற்றும் கியர் வேண்டாம், கட்டைவிரலால் தட்டும் லீவர் நல்லது. கடையிலேயே பத்துத் தடவை மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: உயரம் 150 செ.மீ. எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் ஹேண்டில்பார் எட்ட இருக்கிறது. (சென்னை)

சீட்டை முன்னால் தள்ளி எட்டிப் பிடிக்கப் பார்க்காதீர்கள், முட்டிக்கு ஆகாது. எக்ஸ்.எஸ். அல்லது எஸ். ஃப்ரேம் எடுத்து, ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம் 90 மி.மீ. இருந்தால் 60 மி.மீ. ஸ்டெம்மாக மாற்றச் சொல்லுங்கள். பிரேக் லீவர் விரலுக்கு எட்டாவிட்டால் லீவரின் அடியில் சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகினால் லீவர் கைப்பிடிக்குப் பக்கத்தில் வரும். இது கடைக்காரர்களில் பலருக்கே தெரியாது. க்ராங்க் (பெடலைத் தாங்கும் கை) 170 மி.மீ. என்றால் உங்களுக்கு நீளம். 160 கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: அரை மணி நேரத்தில் உட்காருமிடம் மரத்துவிடுகிறது. ஜெல் கவர் போடலாமா? (கோவை)

ஜெல் கவர்தான் பலருக்கு மரத்துப்போகக் காரணம். எலும்பு உள்ளே அமுங்க, ஜெல் நடுவில் பிதுங்கி மென்மையான இடத்தை அழுத்தும். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து மரப் படியில் போட்டு, கொஞ்சம் முன்குனிந்து அரை நிமிஷம் உட்காருங்கள். இரண்டு பள்ளம் விழும். நடுவுக்கு நடு அளந்து 2.5 செ.மீ. கூட்டினால் உங்கள் சீட்டின் அகலம். 12.5 வந்தால் 15 செ.மீ. சீட் தேடுங்கள். மட்டமாக வைத்து, முனையை ஒரு நூல் மட்டும் தாழ்த்தலாம். அதற்கு மேல் தாழ்த்தினால் உடம்பு வழுக்கி, பாரமெல்லாம் மணிக்கட்டில் விழும்.

கேள்வி: சுடிதாரில் ஓட்டுவேன். புது வண்டியில் செயின் கவர் இல்லை. (திருச்சி)

வலது கணுக்காலில் வெல்க்ரோ பட்டை. துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அல்லது பையில் போடுங்கள். முடிச்சுப் போட்டாலும் அவிழ்ந்து பின்சக்கரக் கம்பியில் சுற்றும்.

கேள்வி: புது சைக்கிளுக்குப் பஞ்சர் கடையில் காற்றடிக்க முடியவில்லை. (விழுப்புரம்)

ஒல்லி வால்வா என்று பாருங்கள். அதன் உச்சியில் உள்ள குட்டி நட்டை இரண்டு மூன்று சுற்று தளர்த்தினால்தான் காற்று ஏறும். பித்தளை அடாப்டர் ஒன்றை மேலே திருகினால் பைக்குக்கு அடிக்கும் கம்ப்ரஸர் குழாய் பொருந்தும். சின்ன ட்யூப், கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பி வெடிக்கும். விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். அடாப்டர் தொலைந்துபோகிற பொருள், இரண்டாக வாங்கி ஒன்றைச் சீட்டுக்கு அடியில் உள்ள பையில் போட்டு வையுங்கள்.