மூன்று நாளைக்கு ஒருமுறை, அதுவும் முக்கி முக்கி...

கேள்வி: எனக்கு வயது 34. திருமங்கலத்தில் இருந்து தினமும் பஸ் ஏறி விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்கு வருகிறேன். நாலு மாதமாக மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறது, அதுவும் ஆட்டுப் புழுக்கை மாதிரி. ராத்திரி பேதி மாத்திரை போட்டால்தான் வருகிறது. ரத்தக்குறைவுக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். கடையில் பாத்ரூம் சரியில்லாததால் தண்ணீரையும் குறைத்துவிட்டேன். என்ன செய்வது?

பதில்: கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, தண்ணீரைக் குறைத்துவிட்டேன் என்று, அங்கேதான் பிடிக்க வேண்டும். பெருங்குடலின் வேலையே சக்கையில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சுவது. மதுரை வெயிலில் பஸ்ஸில் நின்று வியர்த்து, பகலெல்லாம் நாலு வாய் தண்ணீரோடு ஓட்டினால் உடம்பு அங்கேயும் ஒட்டப் பிழிந்துதான் எடுக்கும். போதாததற்கு வருவதையும் அடக்குவீர்கள், உள்ளே கிடக்கக் கிடக்க அது காயும். அடக்கியே பழகிவிட்டால், இவள் எப்படியும் எழுந்து வரமாட்டாள் என்று மலக்குடலும் கூப்பிடுவதை விட்டுவிடும். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியாகிவிட்டது. தாழ்ப்பாள் விழுகிற ஒரு பாத்ரூம் கேட்க என்ன கூச்சம்? நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

அதுவரை காலை நேரத்தைப் பிடியுங்கள். வயிற்றுக்குள் ஏதாவது போனதும் பெருங்குடல் அசைந்து கொடுக்கும், காலையில் இது நன்றாகவே நடக்கும். அரைமணி முன்னால் எழுந்து, தண்ணீர் குடித்து, ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு பத்து நிமிஷம் உட்காருங்கள், போன் வெளியே இருக்கட்டும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் ஒரு முக்காலி போட்டு முழங்காலை இடுப்புக்கு மேலே தூக்கிக்கொள்ளுங்கள், பாதை நேராகும், முக்க வேண்டியிருக்காது.

சாப்பாடு? பரோட்டாவை விடச் சொல்லி மதுரையில் நான் நடமாட முடியாது, ராத்திரி தினமும் வேண்டாம், அவ்வளவுதான். நாளைக்கு 25-30 கிராம் நார்ச்சத்து வேண்டும். நூறு கிராம் கொய்யாவில் சுமார் 5 கிராம் இருக்கிறது, தள்ளுவண்டியில் கிடைக்கிறது. கீரை, சுண்டல், கம்பங்கூழ் எல்லாம் மெதுவாகக் கூட்டுங்கள், ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். தண்ணீர் இல்லாமல் நாரை மட்டும் ஏற்றினால் இன்னும் இறுகும்.

இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள், கொடுத்த டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரையோ, ஒருநாள் விட்டு ஒருநாளோ பார்த்துக் கொடுப்பார். இரும்புச்சத்தால் மலம் கறுப்பாகப் போகலாம். பேதி மாத்திரை என்றாவது ஒருநாள் அவசரத்துக்குச் சரி, மாதக்கணக்கில் சொந்த வைத்தியமாக வேண்டாம். இசப்கோல் என்ற நார்ச்சத்து உமியில் ஒரு ஸ்பூனைப் பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து குடிக்கலாம். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப்பை டாக்டர் எழுதிக் கொடுத்தால், அது வேலைசெய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும், மறுநாளே வரவில்லை என்று கீழே ஊற்றிவிடாதீர்கள்.

ரத்தம் வந்தாலோ, எடை தானாகக் குறைந்தாலோ காத்திருக்கக் கூடாது. வயிறு உப்பி வாந்தியும் வந்தால் அன்றைக்கே ஓட வேண்டும். அதெல்லாம் இல்லாவிட்டாலும் நாலு மாதம் ஆகிவிட்டது, தைராய்டு குறைந்தாலும் இப்படிக் கட்டும். வார லீவு நாளில் பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்து டாக்டரிடமோ போய் ஒரு ரத்தப் பரிசோதனை பாருங்கள், போகும்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டையையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பேதி மாத்திரை உட்பட.