கொலை, சிறை, நொந்த வாழ்க்கை: வாசிப்பவர்களுக்கும் எழுதுபவர்களுக்கும்

இப்படியான புத்தகங்களைப் பற்றி திருகோணமலைப் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

அக்கா, எதிலிருந்து தொடங்கலாம்? (உவர்மலை)

ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே', 1974. கந்தன் என்ற ஒருவனின் ஒரு நாள், அவ்வளவுதான். அவனை நல்லவனாக்கவும் இல்லை, பேயாக்கவும் இல்லை. சின்னப் புத்தகம், ஆனால் லேசில் விடாது.

உண்மைச் சம்பவம் என்றால்? (கிண்ணியா)

மு. சந்திரகுமாரின் 'லாக்கப்'. செய்யாத களவை ஒப்புக்கொள்ளச் சொல்லி ஆந்திராவின் குண்டூர் பொலிசிடம் அடி வாங்கியவரே எழுதியது, 'விசாரணை' படம் வந்ததும் இதிலிருந்துதான்.

ஆங்கிலம் ஓடுமென்றால் ட்ரூமன் கபோட்டியின் 'இன் கோல்ட் பிளட்' வாசியுங்கள். 1959இல் அமெரிக்காவின் கன்சாஸில் ஒரு வீட்டில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என நான்கு பேரைச் சுட்டுக் கொன்ற கதை. கொலைக்கு முன்பே அந்த வீட்டு மகள் பக்கத்துப் பிள்ளைக்கு செர்ரிப் பழம் வைத்துச் சுடுகிற 'பை' பலகாரம் செய்யச் சொல்லிக்கொடுக்கிறாள். அதை வாசித்துவிட்டு வருகிற உங்களுக்கு அவள் வெறும் பிணமாக இருக்கமாட்டாள். நான் எந்தப் புத்தகத்திலும் முதலில் தேடுவது இதைத்தான், செத்தவருக்கு அதில் ஒரு வாழ்க்கை இருக்கிறதா என்று. ஆனால் கடைசியில் வரும் கல்லறைக் காட்சி கபோட்டி கற்பனையில் சேர்த்தது. உண்மைக் கதை என்று சொல்லி விற்ற புத்தகத்தில் அது சரியில்லை.

வாசித்தால் நித்திரை வருவதில்லை.

மூடி வையுங்கள். முடித்தே ஆகவேண்டுமென்று கட்டாயமில்லை. பழைய நினைவுகள் கிளம்பி நாட்கணக்கில் விடாவிட்டால் 1926க்கு எடுத்துப் பேசுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

2006 ஜனவரி 2, திருகோணமலைக் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களைப் பற்றி நாவல் எழுதலாமா? (மூதூர் ஆசிரியர்)

எழுதலாம் சேர், ஆனால் முதலில் வீட்டுக்காரரிடம் போங்கள். 13 சந்தேகநபர்களையும் 2019இல் நீதிமன்றம் விடுவித்துவிட்டது, இன்னும் நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிற பெற்றோருக்கு உங்கள் நாவல் இன்னொரு அடியாக விழக்கூடாது. அவர்கள் வேண்டாமென்றால் ஊரையும் பெயர்களையும் மாற்றி வேறு கதையாக எழுதுங்கள். சரி என்றால் பிள்ளைகள் எப்படிச் செத்தார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு எழும்பி வராதீர்கள், என்ன படித்தார்கள், யாரோடு சண்டை பிடித்தார்கள், வீட்டில் எதற்கு ஏச்சு வாங்கினார்கள் என்றெல்லாம் கேளுங்கள். காயத்தை வர்ணித்து பக்கம் நிரப்புவது சுலபம், அதில் எனக்குக் கோபமே வரும்.

துப்பறியும் கதை எழுதுகிறேன், நீதிமன்றக் காட்சியில் கவனிக்க வேண்டியது?

தம்பி, நீதவான் கொலைக்குத் தூக்குத் தீர்ப்புச் சொல்வதாக எழுதாதீர்கள், கொலை வழக்கு விளங்கப்படுவது மேல் நீதிமன்றத்தில். மரண தண்டனைத் தீர்ப்பு இன்றும் வருகிறது, ஆனால் 1976க்குப் பிறகு இலங்கையில் யாரையும் தூக்கிலிடவில்லை, அதனால் உங்கள் ஆள் சிறையில் கிழடாவதுதான் உண்மைக்குக் கிட்ட. கொலையுண்டவரின் பிரேத பரிசோதனையைச் செய்வது சட்ட வைத்திய அதிகாரி, இன்ஸ்பெக்டர் இல்லை.