டச் பார்க்காமல் வெள்ளியைக் கொடுத்துவிடாதீர்கள்

வணக்கம் சகோதரி. மாமியாரின் 850 கிராம் வெள்ளிச் சாமான்களை பெங்களூரு அவென்யூ ரோடு கடையில் 70 டச் (அதாவது நூற்றுக்கு 70 பங்குதான் சுத்த வெள்ளி) என்று சொல்லி, அதற்கு மேல் 5 சதவீதம் கழிவும் கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கழிவு வழக்கம்தான். பேப்பரில் வரும் விலை சுத்த வெள்ளிக்கு. பழைய கொலுசிலும் சிமிழிலும் செம்பு, பற்றவைப்பு எல்லாம் இருக்கும், உருக்கினால் எடை குறையும். கடைக்காரருக்கும் லாபம் வேண்டும். ஆனால் அந்த 70 எப்படி வந்தது? கண்ணால் பார்த்துச் சொன்னதா? உண்மையில் 80 டச் என்றால் சுத்த வெள்ளி 680 கிராம். 70 என்றால் 595. கழிவுக்கு முன்பே 85 கிராம் போய்விடுகிறது! பெரிய லாபம் அங்கேதான். அம்மாவின் கொலுசை நான் அப்படித்தான் இழந்தேன், இன்னும் மனசு ஆறவில்லை.

நகரத்பேட்டையில் டச் பார்த்துத் தரும் கடைகள் உண்டு, கட்டணம் சொற்பம். சாமான்களைத் தனித்தனியாகப் பாருங்கள். டச் பார்க்கும் மெஷின் மேற்பரப்பைத்தான் படிக்கும். சந்தேகம் என்றால் உங்கள் கண்ணெதிரே உருக்கச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். செய்கூலியும் அன்று கட்டிய வரியும் திரும்பாது. குத்துவிளக்கை மட்டும், முடிந்தால், வைத்துக்கொள்ளுங்கள்.