பைபிள் ஒன்றுதானே, சபைக்குச் சபை விளக்கம் ஏன் மாறுகிறது?

பைபிள் முழுக்க ஒன்று என்றும் சொல்லிவிட முடியாது. கத்தோலிக்க பைபிளில் 73 நூல்கள், புராட்டஸ்டன்ட் பைபிளில் 66. இறந்தவர்களுக்காக ஜெபிக்கலாம் என்பதற்குக் கத்தோலிக்கர்கள் காட்டும் மக்கபேயர் இரண்டாம் நூல் எங்கள் புராட்டஸ்டன்ட் பைபிளில் கிடையாது. ஆனால் நீங்கள் கேட்பது எல்லோருக்கும் பொதுவான வசனங்களைப் பற்றி. அதற்கு என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பாப்டிஸ்ட் சபையில் வளர்ந்தவள், வாழ்க்கைப்பட்டது கத்தோலிக்கக் குடும்பத்தில். கல்யாணமான புதிதில் ஒருநாள் மாமனாரோடு மத்தேயு 16:18 படித்துக்கொண்டிருந்தேன். "நீ பேதுருவாய் இருக்கிறாய், இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்." கல் என்பது பேதுரு அல்ல, அவர் அறிக்கையிட்ட விசுவாசம் என்றுதான் எனக்கு ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். "கிரேக்கத்தில் பேர் பெட்ரோஸ், பாறை பெட்ரா. ரெண்டும் வேற வேற சொல் மாமா" என்றேன். அவர் தன் பைபிளை என் பக்கம் திருப்பி அடிக்குறிப்பில் விரலை வைத்தார். "இயேசு பேசினது அரமேயம்மா. அதுல பேருக்கும் பாறைக்கும் ஒரே சொல்தான், கேபா."

இருவர் சொன்னதும் சரியான தகவல்தான். பின்னாளில் தெரிந்துகொண்டேன்: பழங்காலத் திருச்சபையின் பெரிய இறையியலாளர் புனித அகுஸ்தீனே முதலில் பாறை பேதுரு என்று எழுதி, பிறகு பேதுரு அறிக்கையிட்ட கிறிஸ்துவே பாறை என்று விளக்கி, முதுமையில் இரண்டில் எது பொருத்தம் என்பதை வாசகரிடமே விட்டிருக்கிறார். அவ்வளவு பெரிய மேதை அப்படி விட்டதைப் படித்தபோது, அன்று மாமாவிடம் அடித்துப் பேசியதற்காக வருந்தினேன்.

சில இடங்களில் மொழிபெயர்ப்பே வழியைப் பிரித்துவிடுகிறது. ரோமர் 5:12இல் கிரேக்க மூலத்தை "எல்லோரும் பாவம் செய்ததால்" என்று படிக்கலாம். பழைய லத்தீன் மொழிபெயர்ப்பில் அது "அவனுக்குள் எல்லோரும் பாவம் செய்தார்கள்" என்று ஒலித்தது. ஆதாமின் குற்றமே நமக்கும் வந்தது என்ற மேற்குத் திருச்சபையின் போதனைக்கு இந்த வரி பெரிய துணை. கிரேக்கத்திலேயே படித்த ஆர்த்தடாக்ஸ் சபையினர், ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது மரணம், குற்றம் அல்ல என்கிறார்கள். அந்த ஒரே வரியால்தான் இவ்வளவு பெரிய வேறுபாடு வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அதற்கும் பங்கு உண்டு.

மொழியும் ஒன்று, நூலும் ஒன்று, "வேதம் மட்டுமே" என்ற கொள்கையும் ஒன்று என்றாலும் பிரிவு வரும். 1529இல் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் சந்தித்தார்கள். 15 கொள்கைக் கட்டுரைகளில் 14இல் உடன்பாடு. கடைசிக் கட்டுரை இராப்போஜனம், அதாவது அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து பற்றியது, அதிலும் ஒரு பகுதியில் மட்டும்தான் இடித்தது. லூத்தர் "இது என் சரீரம்" என்று லத்தீனில் மேசைமேல் சாக்பீஸால் எழுதிவைத்துக்கொண்டு, அந்தச் சொல்லை விட்டு அசையவில்லை. ஸ்விங்லி யோவான் 6:63ஐ எடுத்தார்: "ஆவியே உயிர்ப்பிக்கிறது, மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது." அவருக்கு "இது என் சரீரம்" என்றால் "இது என் சரீரத்தைக் குறிக்கிறது".

எனக்கு எல்லாம் விளங்கியது இங்கேதான். வசனத்தை மட்டும் தனியாக யாரும் படிப்பதில்லை. எந்த வசனத்தை விளக்காக ஏற்றி, எந்த வசனத்தை அதன் வெளிச்சத்தில் படிக்கிறோம் என்பதில்தான் சபைகள் வேறுபடுகின்றன. விசுவாசத்தினால் நீதிமான் என்ற ரோமர் 3:28ஐ விளக்காக வைத்தால், விசுவாசத்தினால் மட்டுமல்ல, செயல்களினாலும்தான் நீதிமான் என்ற யாக்கோபு 2:24 நெருடும். யாக்கோபை விளக்காக வைத்தால் ரோமர் எழுதிய பவுலுக்கு விளக்கவுரை தேவைப்படும்.

அதற்காக இந்தப் பிளவுகள் மாறவே மாறாது என்று நினைத்துவிடாதீர்கள். நீதிமானாக்கப்படுவது பற்றி லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மார்பர்க்கில் பிரிந்த லூத்தரன் மரபுக்கும் ஸ்விங்லி வழி வந்த சீர்திருத்த மரபுக்கும் இடையே 1973இல் லாயன்பர்க் உடன்படிக்கை வந்து, ஐரோப்பாவில் ஒரே திருவிருந்தில் பங்கேற்க வழி பிறந்தது.

கத்தோலிக்கர்களுக்கும் எங்களுக்கும் அந்த வழி இன்னும் திறக்கவில்லை. திருப்பலியில் மாமா நற்கருணை (கத்தோலிக்கர்களின் திருவிருந்து அப்பம்) வாங்க வரிசையில் போகும்போது நான் இருக்கையிலேயே யோவான் 6ஐத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் கேட்டு விசுவாசிப்பதும் அதே அதிகாரத்தைத்தான்.