விந்தணுவிலுள்ள புரதம் கட்டியிலும் இருந்தால் நோய் தொற்றுமா?

கேள்வி: என் கணவருக்கு 36 வயது. வெற்றிலை போடுகிறவர், இப்போது வாய்ப்புற்றுநோய். தெல்லிப்பழையில் கீமோவும் கதிர்ச்சிகிச்சையும் தொடங்க இருக்கிறார்கள். விந்தணுவிலும் புற்றுநோய்க் கட்டியிலும் ஒரே புரதங்கள் உண்டென்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எனக்கும் தொற்றுமா? இனிப் பிள்ளை பெறலாமா? (ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு சகோதரி)

பதில்: தொற்றாது, சகோதரி. பயப்படாமல் அவருக்குப் பக்கத்தில் இருங்கள்.

வீடியோவில் வந்த தகவல் உண்மைதான், அதிலிருந்து எழுந்த பயத்துக்குத்தான் அடிப்படை இல்லை. 1991இல் பிரசெல்ஸில் தியரி பூனின் ஆய்வுக்குழு, மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் மேஜ் வகைப் புரதமொன்றை இனங்கண்டது. ஆரோக்கியமான ஆணின் உடலில் இவ்வகைப் புரதங்கள் பெரும்பாலும் விதையில், விந்தணுவாக வளரும் கலங்களில்தான் உருவாகும். மற்றக் கலங்களிலும் அதற்கான மரபணு உண்டு, ஆனால் பூட்டிக் கிடக்கும். கலம் புற்றுநோயாக மாறும்போது சில பூட்டுகள் கழன்றுவிடுகின்றன. ஆகவே விந்தணுவில் இப்புரதம் இருப்பது இயல்பு. அது நோயைக் கொண்டுபோவதில்லை.

விந்தணுவாகும் கலங்கள் நோயெதிர்ப்புக் கலங்களின் கண்ணில் படாமல் இருப்பதால், இப்புரதங்களைக் குறிவைத்துக் கட்டியை மட்டும் தாக்கலாமென்று விஞ்ஞானிகள் முயல்கிறார்கள். மேஜ்-ஏ4 புரதத்தைக் குறிவைக்கும் சிகிச்சையொன்றுக்கு 2024 ஓகஸ்டில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அது சைனோவியல் சார்கோமா என்ற அரிய புற்றுநோய்க்கு உரியது. வாய்ப்புற்றுநோய்க்கென்று யாரும் அதன் பெயரில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பிள்ளை விடயத்துக்குத்தான் இப்போது அவசரம். பாக்கும் புகையிலையும் வாய்க்கலங்களில் உண்டாக்கிய மாற்றம் விந்தணு வழியாகப் பிள்ளைக்குப் போகாது. ஆனால் கீமோ மருந்துகள் விந்தணு உற்பத்தியைக் குறைக்கலாம், சிலருக்கு நிறுத்தியும் விடலாம். எனவே முதல் ஊசிக்கு முன்பே, விந்தணுவை உறையவைத்துச் சேமிப்பது பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். கொழும்பில் சில தனியார் கருவள நிலையங்களில் இதற்கு வசதி உண்டு. செலவும் அலைச்சலும் இருக்கும். ஒட்டுசுட்டானிலிருந்து போய்வருவது லேசான காரியமில்லை. கிளினிக்கில் இதைக் கேட்க வெட்கப்பட்டே பலர் வாய்ப்பை இழக்கிறார்கள். உங்கள் கணவர் தயங்கினால் நீங்களே கேளுங்கள். ஆனால் இதற்காகச் சிகிச்சை தள்ளிப்போகக் கூடாது. எத்தனை நாள் அவகாசம் உண்டென்பதை வைத்தியரே சொல்லட்டும்.

சிகிச்சை நடக்கும்போது மருந்து சிறிதளவு விந்தில் கலக்கக்கூடும். கட்டாயம் ஆணுறை பாவியுங்கள். ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதமளவு எடுக்கும். மருந்து பட்ட விந்தணுக்கள் முழுதாக நீங்க வேண்டும் என்பதால், சிகிச்சை முடிந்தும் பல மாதங்களுக்குக் கருத்தரிப்பைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள்.

புற்றுநோய் தொற்றாவிட்டாலும், ஹெச்.பி.வி. என்ற வைரஸ் உடலுறவால் பரவும், அதுதான் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு முக்கிய காரணம். உங்களுக்கு 35 வயதாகியிருந்தால், சுகவனிதையர் கிளினிக்கில் அதற்கான பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கிளினிக் நடக்கும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.