பண்டிகை விருந்தில் வயிறு கனக்காமல், அசதி தட்டாமல் சாப்பிடுவது எப்படி?

நான் மொரீசியஸில், கத்ர் போர்ன் பக்கம் இருக்கிறேன். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எங்களுக்குப் பெரிய விருந்து என்றால் தைப்பூசக் காவடி முடிந்து வாழை இலையில் பரிமாறும் ஏழுகறிதான். இங்கே பேசும் கிரியோல் மொழியில் செத் காரி என்போம். எனக்குப் பாடம் கற்பித்ததும் அதுதான், அதை வைத்தே சொல்கிறேன்.

முதல்முறை காவடி எடுத்தபோது பத்து நாள் விரதம். அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட சரியாகக் குடிக்கவில்லை. இங்கே தைப்பூசம் கோடையில்தான் வரும். அந்த வெயிலில் வெறுங்காலோடு கோர் த கார்த் மலைக்கோவில் படி ஏறி, பாலபிஷேகம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தேன். பரங்கிக்காய், வாழைக்காய், பலாக்காய், பருப்பு, ரசம் எல்லாம் இலையில் இருந்தன. என் கை முதலில் போனது சோற்றுக்குத்தான். பத்தே நிமிடத்தில் இரண்டு முறை சோறு, இரண்டு கிண்ணம் பாயசம். எழுந்தேன், கண் இருட்டிவிட்டது. பரிமாறிக்கொண்டிருந்த அத்தை ஒருவர் தூணில் சாய்த்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டுதான். ஆனால் இது வேறு. வயிறு நிறையச் சாப்பிட்டால், அதுவும் மாவுச்சத்தாகச் சாப்பிட்டால், இரத்தம் குடல் பக்கம் அதிகம் போகும். வியர்வையில் ஏற்கெனவே நீர் குறைந்த உடம்பு சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கிவிடும். வயதானவர்களுக்கு இது இன்னும் எளிதில் வரும். அதனால் எங்கள் வீட்டுப் பெரியவர்களைச் சாப்பிட்டதும் எழ விடமாட்டேன்.

இப்போது காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கிறேன். எங்கள் வீட்டு விரதத்தில் தண்ணீருக்குத் தடை இல்லை. அபிஷேகம் முடிந்ததும் ஒரு வாழைப்பழம், இரண்டு தம்ளர் தண்ணீர். கால் மணி நேரம் கழித்துத்தான் பந்திக்குப் போவேன். கொலைப்பசியோடு இலை முன்னால் உட்கார்ந்தால் எந்தக் கட்டுப்பாடும் நிற்காது. விரதம் இல்லாத பண்டிகை என்றால் காலை உணவைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். விருந்துக்காக வயிற்றைக் காயப்போடுவதுதான் பலரும் செய்கிற தவறு.

பந்தியில் சோற்றை இலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, முதலில் காய்கறியும் பருப்பும் சாப்பிடுகிறேன். இந்த வரிசையில் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச்சேரச் சுமார் இருபது நிமிடம் ஆகும் என்பார்கள். அதனால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே நிதானமாகச் சாப்பிடுங்கள். ஏழு கறியும் ருசிக்க வேண்டியவை, ஒன்றையும் விட வேண்டாம். இரண்டாம் முறை சோறு வரும்போது மட்டும் கையால் இலையை மறைத்துவிடுங்கள். பாயசம் கடைசியில் ஒரு கிண்ணம் போதும்.

அப்புறம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடப்பேன், இல்லையென்றால் இலை எடுக்கப் போவேன். உண்டவுடன் படுத்தால் புளிச்ச ஏப்பமும் நெஞ்செரிச்சலும் வரும். இரண்டு மூன்று மணி நேரம் போகட்டும். தூக்கம் தாங்கவில்லையா, நாற்காலியில் சாய்ந்துகொள்ளுங்கள்.

இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் விரதம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், தயவுசெய்து. அளவு மாற்றாமல் பட்டினி கிடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். என் அம்மாவுக்கும் மாத்திரை உண்டு. அவர் இலைக்குச் சோறு நான்தான் வைப்பேன், ஒரே கரண்டி. கறிகளை அவர் கேட்கிற அளவுக்கு வைப்பேன். போன தைப்பூசத்தன்று மாலை வரை அவர் அசராமல் கோவில் வாசலில் உட்கார்ந்து எல்லோரோடும் பேசிக்கொண்டிருந்தார்.